சுட்டதும் டாங்கி ஆடுவதை நிறுத்த

விளையாட்டில் நீங்கள் கட்டிய டாங்கியின் சஸ்பென்ஷனில் (சக்கரங்களைத் தாங்கும் அமைப்பில்) ஸ்பிரிங்கை இன்னும் இறுக்காதீர்கள், டேம்பிங்கை (ஆட்டத்தை அடக்கும் தடையை) கூட்டுங்கள். ஒரு குண்டு சுட்டால் நான்கைந்து தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது, ஸ்பிரிங்கை இறுக்கியும் அடங்கவில்லை என்கிறீர்கள். அடங்காது. ஸ்பிரிங் இறுகினால் சாய்வு குறையும், ஆட்டம் வேகமாகும், அவ்வளவுதான். ஆட்டத்தை விழுங்குவது டேம்பர். ஸ்பிரிங்கை 4 மடங்கு இறுக்கினால், பழையபடி அதே எண்ணிக்கை ஆட்டத்தில் அடங்கவே டேம்பிங் 2 மடங்கு வேண்டும்.

முதலில் முன், பின் கடைக்கோடிச் சக்கரங்களில் மட்டும் கூட்டிப் பாருங்கள். நடுவிலிருந்து தூரம் அதிகம் என்பதால் ஆட்டத்தின் மேல் அவற்றின் பிடிதான் பெரிது. நடுச் சக்கரங்கள் இதில் பெரிதாக ஒன்றும் செய்யாது.

பீரங்கி ரொம்ப உயரத்தில் இருக்கிறதோ என்றும் சந்தேகம். எடைமையத்துக்கு மேலே அது எவ்வளவு உயரமோ, பின்னுதைப்பு அவ்வளவுக்கு வண்டியைச் சாய்க்கும். பீரங்கியைக் கீழே இறக்குங்கள்.

சமதளத்தில் நிறுத்தி நேராக ஒரு குண்டு, கோபுரத்தைப் பக்கவாட்டில் திருப்பி ஒரு குண்டு சுடுங்கள். பக்கவாட்டில் ரொம்ப மோசமென்றால் இரு பக்கச் சங்கிலித் தடங்களுக்கு இடையே அகலம் போதவில்லை. சாயாமல் பின்னால் வழுக்கினால் சஸ்பென்ஷனை விட்டுவிட்டு பிரேக்கைப் பாருங்கள்.

ஆனால் ஒரே ஆட்டத்தில் நின்றுவிட்டால் அதோடு விடுங்கள். டேம்பிங் மிஞ்சினால் சக்கரம் பள்ளத்தில் சட்டென இறங்காது, ஓடும்போது குறி குலுங்கும். சில விளையாட்டுகளில் நிற்கும் வண்டியே தானாக நடுங்கத் தொடங்கும்.