புகை அறையில் பிணம், ஆவணியில் பிழை: கேள்வி பதில்

எங்கள் வாசகர் வட்டத்தில் போன மாதம் எல்லாரும் ஒரே நாவலைத்தான் கைமாற்றிப் படித்தோம். நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண் ஒருவர் எழுதிய முதல் நாவல். கொலையும் கோர்ட்டும் கலந்த கதை. நான் முப்பத்துச் சொச்சம் வருஷம் கிரிமினல் கோர்ட்டுகளில் பெஞ்ச் கிளார்க்காக உட்கார்ந்தவன். அதனால், "அண்ணாச்சி, நிஜமாகவே இப்படித்தான் நடக்குமா?" என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். சாயாக் கடையில் நின்று பதில் சொல்லி மாளாது, சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்றேன். கொடுத்துவிட்டார்கள்.

படிக்காதவர்களுக்குக் கதை இதுதான். குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட முதலாளி. 2024 பிப்ரவரியில் ஒரு விடியற்காலை, ரப்பர் ஷீட் காயவைக்கும் புகை அறைக்குள் பிணமாகக் கிடக்கிறார். பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் கைதாகிறார். நாகர்கோவிலில் புதிதாகத் தொழில் தொடங்கிய வக்கீலம்மா அவருக்காக ஆஜராகிறார். பழைய ஆதாரம் (நிலப் பத்திரம்) ஒன்று போலி என்று காட்டி, அதை வைத்துத் தோட்டத்தைக் கேட்ட முதலாளியின் மச்சினன்தான் கொலைகாரன் என்று நிறுவுகிறார். (கொலையாளியைச் சொல்லிவிட்டேனே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், பின் அட்டையைப் படித்தாலே தெரிந்துவிடும்.)

மார்த்தாண்டம், பள்ளி ஆசிரியை: நீதிபதி சுத்தியலால் தட்டி "ஆர்டர், ஆர்டர்" என்கிறாரே, நம் கோர்ட்டில் உண்டா?

கிடையாது டீச்சர். என் சர்வீஸில் கோர்ட்டுக்குள் சுத்தியலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. சுவரில் காலண்டர் மாட்ட ஆணி அடித்தார்கள். சத்தம் போட்டால் டவாலி (கோர்ட் சேவகர்) ஒரு பார்வை பார்ப்பார், அடங்கிவிடும்.

குலசேகரம், ரப்பர் தோட்டம் உள்ளவர்: பிப்ரவரியில் விடிவதற்கு முன் பால் வெட்டப் போனவர் பிணத்தைப் பார்த்ததாக எழுதியிருக்கிறது. அந்த மாதம் இலையெல்லாம் உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கும். எங்கள் பக்கம் வெட்டையே நிறுத்திவிடுவோம். இதைக்கூடவா விசாரிக்கவில்லை?

உங்கள் கோபம் நியாயம். அதைவிட வேடிக்கை அடுத்த கேள்வியில் இருக்கிறது, அதையும் சேர்த்தே படியுங்கள்.

நாகர்கோவில், செவிலியர்: பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், "மரணம் இரவு 11.20-க்கு நிகழ்ந்தது" என்று சாட்சி சொல்கிறார். அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியுமா?

முடியாது. நான் எழுதியெடுத்த டாக்டர் சாட்சியங்களில் "இத்தனை மணி முதல் இத்தனை மணி நேரத்துக்குள்" என்றுதான் வரும். உடம்பு எவ்வளவு விறைத்திருக்கிறது, எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, இரைப்பையில் என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் ஒரு உத்தேசம் சொல்வார்கள்.

ஆனால் இந்தக் கதையில் சிக்கல் அதைவிடப் பெரியது. பிணம் கிடந்தது புகை அறையில். தீ மூட்டியிருந்தால் உள்ளே 40 முதல் 60 டிகிரி வரை சூடு இருக்கும். மனித உடம்பின் சூடு 37 டிகிரி. அதைவிடச் சூடான அறையில் பிணம் எப்படிக் குளிரும்? விறைப்பும் சூட்டில் சீக்கிரம் வந்து சீக்கிரம் விட்டுவிடும். குறுக்கு விசாரணையில் "அறையின் சூடு எவ்வளவு என்று உங்களிடம் யாராவது சொன்னார்களா, டாக்டர்?" என்று ஒரு கேள்வி போதும், நேரக் கணக்கு மொத்தமும் ஆடிப்போகும். நம் வக்கீலம்மா அதைக் கேட்கவே இல்லை. டாக்டரிடம் அவர் படித்த கல்லூரியைப் பற்றி இரண்டு பக்கம் கேட்கிறார்.

இப்போது குலசேகரத்து அண்ணனுக்கு. பிப்ரவரியில் வெட்டு இல்லையென்றால் ஷீட் இல்லை. ஷீட் இல்லையென்றால் புகை அறையில் தீயும் இல்லை, சூடும் இல்லை. டாக்டர் தப்பித்துவிடுவார். அந்த 11.20 மட்டும் அப்போதும் தப்புதான்.

தக்கலை, ஓய்வு பெற்ற தலையாரி: கிராம நிர்வாக அலுவலரைக் குறுக்கு விசாரணை செய்யும் இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. உங்களுக்கு?

எனக்கும்தான். புத்தகத்திலேயே நல்ல பகுதி அது. தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் அடிக்கடி பார்க்கும் காட்சி: எதிரி (குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் இப்படித்தான் சொல்வோம்) நேராக ஸ்டேஷனுக்குப் போகாமல் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் "நான்தான் செய்தேன்" என்று சொல்லிச் சரணடைந்தார் என்பார்கள். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியத்தில் ஏறாது, அதனால்தான் இந்தச் சுற்று வழி. பிறகு எதிரி காட்டிய இடத்தில் கத்தியை எடுத்தோம் என்று ஒரு மகஜர், அதாவது சாட்சிகள் முன்னிலையில் எழுதும் குறிப்பு. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 27ஆம் பிரிவு. பொருளைக் கண்டுபிடிக்க உதவிய அந்த ஒரு துண்டு வாசகம் மட்டும் செல்லும், மிச்சமெல்லாம் செல்லாது.

நாவலில் அந்த அலுவலர், "ஓடைக்கரைப் பாறை மேல் உட்கார்ந்து மகஜர் எழுதினேன்" என்கிறார். வக்கீலம்மா கார்பன் வைத்து எடுத்த மூன்று நகல்களையும் அவர் கையில் கொடுத்து, "மூன்றாவது நகலிலும் ஓர் எழுத்து பிசகவில்லையே, அவ்வளவு வழவழப்பான பாறையா சார்?" என்று கேட்கிறார். அவர் பாறையைப் பற்றி யோசிக்கிறார். கோர்ட் சிரிக்கிறது. அப்புறம் "டார்ச் வெளிச்சத்தில் எழுதினேன்" என்கிறார். டார்ச்சைப் பிடித்தது யார் என்ற கேள்விக்கு, மகஜர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவரையே சொல்லிவிடுகிறார். ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் கத்திப் பொட்டலமுமாக அந்த ஆள் நின்றிருக்க வேண்டும்! இதைக் கோர்ட்டில் உட்கார்ந்து பார்க்காமல் எழுத முடியாது. எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட் வீட்டுக்கு ஒரு மணி நேரத் தூரத்தைக் கடக்க 14 மணி நேரம் எடுத்துக்கொண்டதையும் அவர் விடாமல் பிடித்தது சபாஷ். நிஜ வழக்குகள் பலதும் இந்த மாதிரித் தாள்களில்தான் ஜெயிக்கும், தோற்கும்.

கொல்லங்கோடு, சட்டக் கல்லூரி மாணவர்: அரசு வக்கீல் எதிரியைக் கூண்டில் நிறுத்தி மூன்று பக்கத்துக்கு "சொல், நீதானே!" என்று மிரட்டுகிறார். இது 313-ஆ?

தம்பிக்கே பதில் தெரியும், என் வாயால் கேட்க ஆசை. 313 என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு (புதிய சட்டத்தில் 351), சாட்சியங்களைப் பற்றி எதிரியிடம் விளக்கம் கேட்பது. அந்தக் கேள்விகளைக் கேட்பவர் நீதிபதி. சத்தியப் பிரமாணம் கிடையாது. எதிரி பதில் சொல்லாமல் நின்றாலும், பொய்யே சொன்னாலும் அதற்காகத் தண்டனை இல்லை. எதிரி தானே எழுதிக் கேட்டுச் சாட்சியாக ஏறினால்தான் அரசு வக்கீல் குறுக்கு விசாரணை செய்யலாம். நாவலில் அப்படி எதுவும் இல்லை. வக்கீலம்மா எழுந்து ஆட்சேபிக்கவும் இல்லை. அந்த மூன்று பக்கத்தையும் நான் சினிமா என்று நினைத்துத் தாண்டிவிட்டேன்.

அதே தம்பி: குற்றப்பத்திரிகையில் பாரதிய நியாய சன்ஹிதா 103 என்று போட்டிருக்கிறதே?

புதிய சட்டம் அமலுக்கு வந்தது 2024 ஜூலை 1. கொலை பிப்ரவரியில். ஆகவே இந்திய தண்டனைச் சட்டம் 302-தான். விசாரணை எத்தனை வருஷம் கழித்து நடந்தாலும் குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டமே.

கன்னியாகுமரி, பயண முகவர்: மேல்முறையீட்டுக்கு வக்கீலம்மா இரவு ரயிலில் சென்னை போகிறார். மதுரை போதாதா?

போதும். 2004 ஜூலையில் இருந்து நமக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான். ரயிலில் அந்த அழகான மழைக் காட்சிக்காகச் சென்னை வரை இழுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். மதுரைக்கும் ரயில் போகிறது, மழையும் பெய்யும்.

களியக்காவிளை, ஆதாரம் எழுதுபவர்: 1120ஆம் ஆண்டு ஆதாரத்தை வைத்துக் கதையை முடிக்கிறாரே, கணக்கு சரியா? எனக்கு எங்கேயோ இடிக்கிறது.

இடிக்கத்தான் செய்யும். இதற்காகவே நான் பேனாவை எடுத்தேன்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். 1949 வரை நாம் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்தோடு சேரும் வரை திருவிதாங்கூர்-கொச்சி. பழைய நில ஆதாரங்கள் பல மலையாளத்தில் இருக்கும், தேதி கொல்லம் ஆண்டில் (மலையாள வருஷக் கணக்கு) இருக்கும். கோர்ட்டில் அவற்றை மொழிபெயர்த்துத்தான் தாக்கல் செய்வோம். முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட ஆவணம், இருக்க வேண்டியவர் கையிலிருந்தே வந்தால், அதிலுள்ள கையெழுத்து உண்மையென்று கோர்ட் ஊகித்துக்கொள்ளலாம். பழைய சட்டத்தில் 90ஆம் பிரிவு, இப்போது 92. "கொள்ளலாம்" என்பதுதான் சட்டம், "கொள்ள வேண்டும்" அல்ல. இதுவரை நாவலாசிரியை சரியாகவே எழுதியிருக்கிறார்.

இனிதான் விஷயம். ஆதாரத்தின் தேதி 1120 ஆவணி 12. வக்கீலம்மா 1120-உடன் 825-ஐக் கூட்டி 1945 ஆகஸ்ட் என்கிறார். எழுதிக் கொடுத்த தாத்தா 1945 மார்ச்சில் இறந்ததாகக் கோவில் (சர்ச்) அடக்கப் பதிவேட்டில் இருக்கிறது. "இறந்து ஐந்து மாதம் கழித்துக் கையெழுத்துப் போட்டாரா?" என்று கேட்டதும் கோர்ட்டே அதிர்கிறது, ஆதாரம் போலி, மச்சினன் மாட்டினான்.

ஆனால் கொல்லம் ஆண்டு பிறப்பதே ஆவணியில்தானே! இங்கிலீஷ் வருஷம் மார்கழிப் பாதியில்தான் மாறுகிறது. ஆகவே ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரி பிறந்த பிறகுதான் 825. சந்தேகமென்றால் கொல்லம் 1200 பிறந்தது எப்போது என்று வீட்டில் கேளுங்கள், 2024 ஆகஸ்ட் என்பார்கள். அந்தக் கணக்குப்படி 1120 ஆவணி என்பது 1944 ஆகஸ்ட். தாத்தா உயிரோடு, நல்ல சுகத்தோடு, சாவதற்கு ஏழு மாதம் முன்பு கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆதாரத்தில் ஒரு குற்றமும் இல்லை. மச்சினன் பாவம்!

இன்னொன்று. பதிவான ஆதாரமென்றால் சார்பதிவாளர் அலுவலகத் தொகுதியில் நகல் இருக்கும். விண்ணப்பம் போட்டு வாங்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

சென்னையில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பெண்: என் அலுவலகத் தோழி வட்டார வழக்கு புரியவில்லை என்று பாதியில் வைத்துவிட்டாள். அளவு மீறிவிட்டதா?

எனக்கு மீறவில்லை. சாட்சி "நான் கண்டேன்" என்றுதான் சொல்வார், நாங்கள் "பார்த்தேன்" என்று எழுதிக்கொள்வோம். அந்த இடைவெளியில் நிறைய விழுந்துபோகும். ஒருமுறை விளவங்கோடு பக்கத்துப் பாட்டி ஒருவர், "வெள்ளம் கோரப் போகும்போ சத்தம் கேட்டுது" என்றார். வடக்கே இருந்து மாற்றலாகி வந்திருந்த நீதிபதி, "அன்றைக்கு வெள்ளம் வந்திருந்ததா?" என்று கேட்டார். "வந்துது சார், கிணற்றிலே நிறைய உண்டும்" என்று பாட்டி பதில் சொன்னார். தண்ணீர் என்று நான் எழுந்து சொல்ல வேண்டியதாயிற்று. உங்கள் தோழியிடம் முதல் இருபது பக்கத்தைச் சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லுங்கள், காது பிடித்துக்கொள்ளும்.

திருவட்டார், இல்லத்தரசி: தொழிலாளி தன் மகனைக் காப்பாற்ற "நான்தான் கொன்றேன்" என்று வக்கீலம்மாவிடம் சொல்கிறார். அதை நம்பிய பிறகும் அவருக்காக வாதாடியது தர்மமா?

தர்மம் உங்கள் பாடு அக்கா, விதியைச் சொல்கிறேன். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே விட முடியாது. குற்றவாளி என்று தன் மனசுக்குப் பட்டாலும் வக்கீல் வாதாடலாம். நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு, நிரூபித்ததா என்று உரசிப் பார்ப்பது வக்கீல் வேலை. பொய்ச் சாட்சி தயாரிக்கத்தான் கூடாது. எனக்கு வருத்தம் வேறு: அந்த ராத்திரி வக்கீலம்மா எப்படித் தூங்கினார் என்று ஒரு வரி இல்லை. அடுத்த அத்தியாயத்தில் புட்டும் பயறும் சாப்பிடுகிறார்.

நாவலாசிரியையே அனுப்பிய சீட்டு: அண்ணாச்சி, ஆவணிக் கணக்கில் தோற்றுவிட்டேன். இரண்டாம் பதிப்பில் திருத்தினால் என் கதையே போய்விடுமே, என்ன செய்ய?

ஒரு சொல்லை மாற்றித் தப்பிக்கலாம் மகளே. ஆவணியைச் சித்திரை ஆக்கிவிடு. 1120 சித்திரை 1945 ஏப்ரலில் வரும், தாத்தா மார்ச்சிலேயே போய்விட்டார், கதை அப்படியே நிற்கும். ஆனால் எனக்கு அதில் இஷ்டமில்லை. வக்கீலம்மா தப்பாகவே கூட்டட்டும். கோர்ட் அதிரட்டும், மச்சினனைக் கைதும் செய்யட்டும். அப்புறம் ஒரு நாள் களியக்காவிளையில் ஆதாரம் எழுதும் ஒரு கிழவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "பிள்ளே, ஆவணிக்கு 824 இல்லியா?" என்று கேட்கட்டும். அதற்குப் பிறகு அவள் என்ன செய்கிறாள் என்று எழுது. அந்தக் கிழவருக்கு வேண்டுமானால் என் கண்ணாடியைக் கொடு, ஒரு கால் ஒடிந்து நூல் கட்டியிருக்கிறது.