சின்ன இடத்தில் மறுபடியும் மாடல் ரயில்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: பள்ளிக்கூட நாள்களில் மாடல் ரயில் வைத்திருந்தேன். அப்புறம் வேலை, கல்யாணம், வீடு மாற்றம் என்று இருபத்தைந்து வருஷமாகப் பெட்டியைத் திறக்கவே இல்லை. இப்போது மறுபடியும் ஆசை வந்துவிட்டது, ஆனால் இருப்பது சின்ன ஃபிளாட். 120-க்கு 60 செ.மீ. மேஜை ஒன்று, அல்லது சுவரில் 180 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலத்தில் ஒரு தட்டு, இரண்டில் ஒன்றைத்தான் வீட்டில் விட்டுத்தருவார்கள். என்னிடம் இருப்பதெல்லாம் எச்ஓ அளவு மாடல்கள். அதைவிடச் சிறிய ‘என்’ ஸ்கேலுக்கு மாறிவிடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மாறித்தான் ஆக வேண்டுமா?

பதில்: மேஜை கிடைத்தால் மாறுங்கள். தட்டு கிடைத்தால் மாற வேண்டியதில்லை.

முக்கால்வாசிப் பேர் என்ஜினைப் பார்த்து மயங்கி முதலில் அதை வாங்கிவிட்டு, அப்புறம் அது ஓட இடம் தேடுகிறார்கள். நானும் அப்படி ஆரம்பித்தவன்தான். சின்ன இடத்தில் எது ஓடும், எது ஓடாது என்பதை வளைவுதான் முடிவு செய்யும். எச்ஓ என்றால் நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ‘என்’ என்றால் 160-ல் ஒரு பங்கு (ஜப்பான் மாடல்கள் பெரும்பாலும் 150-ல், பிரிட்டிஷ் மாடல்கள் 148-ல் ஒரு பங்கு), இடைவெளி 9 மி.மீ. அந்த எழுத்தே ஒன்பதிலிருந்து வந்ததுதான், ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் ஒன்பதுக்கான சொல் அந்த எழுத்தில்தான் தொடங்கும். 24 மீட்டர் நீளமுள்ள ஒரு நிஜப் பெட்டி எச்ஓ-வில் கிட்டத்தட்ட 27.6 செ.மீ. வரும், ‘என்’-இல் 15 செ.மீ. ஒரு என்ஜினும் ஐந்து பெட்டிகளும் சேர்த்தால் ‘என்’-இல் 90 செ.மீ., எச்ஓ-வில் ஒன்றரை மீட்டருக்கும் மேலே.

ஒரு காசும் செலவழிக்காமல் ஒரு வேலை செய்யுங்கள். பழைய செய்தித்தாள்களை ஒட்டி மேஜை அளவுக்கு விரியுங்கள், ஒரு நூலில் பென்சிலைக் கட்டி வட்டம் போடுங்கள். காட்டோ கம்பெனியின் ‘என்’ தண்டவாளத்தில் சிறிய வளைவுகளில் ஒன்று 249 மி.மீ. ஆரம். வட்டத்தின் விட்டம் 498, தண்டவாளத்தின் அடிப்பாகத்தோடு சேர்த்தால் 52 செ.மீ. சொச்சம், ஆக 60 செ.மீ. மேஜையில் இரண்டு பக்கமும் நாலு செ.மீ. போல மிஞ்சும். அடுத்த அளவான 282-ஐப் போட்டுப் பாருங்கள்: 59 செ.மீ. வந்துவிடும், ஓரத்தில் அரை செ.மீ. போலத்தான் மிஞ்சும், ஒரு தடவை தடம் புரண்டால் என்ஜின் நேராகத் தரைக்குப் போய்விடும். எச்ஓ செட்டுகளில் வழக்கமாக வரும் சிறிய வளைவே 36 செ.மீ. ஆரம். விட்டம் 72 செ.மீ., அதாவது மேஜையை விட்டு வெளியே காற்றில் ஓட வேண்டும். அதனால்தான் மேஜை என்றால் ‘என்’ என்கிறேன். அங்கேயும் நீளமான பெட்டிகளை 249 வளைவில் விட்டால் ஓடினாலும் பார்க்க அழகாக இருக்காது, மூலைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பெட்டி நீளத்தைப்போல மூன்று மடங்காவது ஆரம் இருந்தால்தான் பார்வைக்குப் பரவாயில்லை என்று ஒரு கணக்கு உண்டு, 15 செ.மீ. பெட்டிக்கு 45 செ.மீ. ஆகிவிடும், நம் மேஜைக்கு அது நடக்காத காரியம். ஆகவே குட்டி என்ஜின், குட்டைப் பெட்டிகள், கிளைப்பாதை ரயில் என்று யோசியுங்கள்.

தட்டு விஷயம் முற்றிலும் வேறு. அங்கே ரயில் சுற்றவே போவதில்லை, முன்னும் பின்னும் போய்வரும், அவ்வளவுதான். இதைக் கேட்டதும் பலருக்கு முகம் சுருங்கும். ஆனால் ஷன்டிங் புதிர், அதாவது என்ஜினால் வேகன்களைத் தள்ளி இழுத்து வரிசை மாற்றும் ஆட்டம், என்று ஒன்று இருக்கிறதே, அதை ஒரு தடவை ஆடிப் பாருங்கள். பிரிட்டனில் ஆலன் ரைட் என்பவர் அமைத்த ‘இங்கிள்நுக்’ என்ற அமைப்பு இதில் ரொம்பப் பிரபலம்: ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயின்ட் இரண்டே இரண்டு, வேகன்களை நிறுத்தும் கிளைத் தடமான சைடிங் மூன்று. ஒன்றில் ஐந்து வேகன் நிற்க இடம் உண்டு, மற்ற இரண்டிலும் மூன்று மூன்றுக்கு. மூன்றும் வந்து சேரும் பக்கத்துத் தடத்தில் என்ஜினும் மூன்று வேகனும் நிற்க மட்டும் இடம். ஆனால் ஆடுவது மொத்தம் எட்டு வேகனோடுதான். எட்டு சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்தை எடுத்து, எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில் அந்த ஐந்து வேகன்களையும் கோத்து நிறுத்த வேண்டும். இப்படி 6,720 வரிசைகள் வரும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ஒரு புதிருக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் போவதே தெரியாது. இரண்டு அச்சு கொண்ட குட்டை வேகன்களை வைத்தால் எச்ஓ-விலேயே இது ஒன்றரை மீட்டர் சுமாருக்குள் அடங்கிவிடும், ‘என்’ என்றால் 90 செ.மீ. போதும். உங்கள் தட்டு 180 செ.மீ. பழைய வேகன்களில் எட்டு தேறினால் புதிதாக வாங்க வேண்டியது தண்டவாளமும், மெதுவாக ஊர்ந்து போகும் ஒரு நல்ல என்ஜினும்தான்.

எனவே நண்பர்கள் சொல்வதை ஒதுக்கிவிட்டு உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். காபி டம்ளரோடு உட்கார்ந்து ரயில் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கப் பிடிக்குமா, கையால் ஏதாவது செய்துகொண்டே இருக்கப் பிடிக்குமா? முதல் வகை ஆள் தட்டு லேஅவுட் கட்டினால் மூன்று மாதத்தில் அதன் மேல் புத்தகம் அடுக்கிவிடுவார். சிறுவயதில் வட்டமாக ஓடவிட்டு ஆடியவருக்கு இன்றைக்கும் அதே பிடிக்கும் என்றும் சொல்ல முடியாது, எனக்கு மாறித்தான் போயிற்று.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, எச்ஓஇ என்பார்கள். மாடல் 87-ல் ஒரு பங்குதான், ஆனால் குறுகிய பாதை ரயில் என்பதால் 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும். சின்ன என்ஜின்கள் ரொம்ப இறுக்கமான வளைவிலும் திரும்பும், உங்கள் பழைய எச்ஓ வீடுகளும் மனித பொம்மைகளும் அப்படியே பயன்படும். தேர்ந்தெடுக்க வகைகள் குறைவு என்பதுதான் குறை.

எதை எடுத்தாலும் தண்டவாளம் மட்டும் ஒரே கம்பெனியாக வாங்குங்கள். அடியில் ஜல்லிப் படுகை போன்ற அடிப்பாகத்தோடு சேர்ந்து வரும் தண்டவாளங்களில் இணைப்புக் கிளிப் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, கலந்து வாங்கினால் இணைக்கவே தனித் துண்டு தேட வேண்டும். ரயில் யாருடையதாக இருந்தாலும் பரவாயில்லை, பெட்டிகளைக் கோக்கும் கொக்கியான கப்ளர் மட்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அப்பா வாங்கித்தந்த பழைய எச்ஓ என்ஜின் இரண்டு, பித்தளை நிறத் தண்டவாளம், என்ஜினுக்கு மின்சாரம் தந்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு கண்ட்ரோலர் இருக்கின்றன. நேராக பிளக்கில் சொருகிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் கண்ட்ரோலரைத் தனியே ஒதுக்கி வையுங்கள். பல வருஷம் கிடந்த மின்கம்பியின் உறை மொடமொடவென்று உடைந்துபோயிருக்கும், உள்ளே என்ன நிலை என்று வெளியிலிருந்து தெரியாது. வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் 100 அல்லது 120 வோல்ட்டுக்கானதா என்று அடிப்பக்கத்தைப் படியுங்கள், அதை 230 வோல்ட்டில் சொருகினால் புகைதான் வரும். புதிதாக வாங்க வேண்டிய முதல் பொருள் கண்ட்ரோலர்தான். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

என்ஜினைச் சோதிக்க 9 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். என்ஜினைத் துணி மேல் மல்லாக்கப் படுக்க வைத்து, பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் எடுத்து, இடப்பக்கச் சக்கரத்தில் ஒன்று, வலப்பக்கத்தில் ஒன்று என்று ஒரு நொடி தொடுங்கள். உறுமிவிட்டுச் சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசின்போல உறைந்திருக்கும், பல்சக்கரங்களைத் துடைத்து, பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் எண்ணெயை ஊசி முனையில் எடுத்து வைத்தால் சரியாகிவிடும். மோட்டார் ஓடி, சக்கரம் ஓடாமல், அல்லது ஒவ்வொரு சுற்றுக்கும் டிக், டிக் என்று சத்தம் வந்தால் அச்சில் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் வெடித்திருக்கலாம். உதிரிபாகம் கிடைத்தால் மாற்றலாம். ஒன்றுக்கு மட்டும் மருந்தே இல்லை: துத்தநாகக் கலவையில் வார்த்த உலோகச் சட்டம் வீங்கி, வறண்ட குளத்துத் தரைபோல் வெடித்துக் கிடப்பது. வார்க்கும்போது ஈயம் போன்ற அசுத்தம் கலந்ததால் வரும் நோய் அது. அப்படி இருந்தால் அலமாரியில் அழகுக்கு வையுங்கள், அப்பா வாங்கித்தந்தது அல்லவா.

பித்தளைத் தண்டவாளத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். இரண்டு நாள் துடைக்காவிட்டால் கருத்து, என்ஜின் திக்கித் திக்கி ஓடும். இப்போது வருவது நிக்கல் சில்வர், பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். அதை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும், உப்புத்தாள் போடாதீர்கள், கீறலில் அழுக்கு போய் உட்காரும். இன்னொன்று, பழைய சக்கரங்களின் விளிம்பு ஆழமாக இருக்கும், உயரம் குறைந்த புதிய தண்டவாளத்தில் குறுக்குக் கட்டைகளில் தட்டித் தட்டி ஓடும். கோட் 100 என்று போட்டிருப்பதை வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. அந்த எண் தண்டவாளக் கம்பியின் உயரம், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நூறு பங்கு, 2.54 மி.மீ.

கேள்வி: டிசிசி (ஒவ்வொரு என்ஜினுக்கும் தனித்தனியாக ஆணை அனுப்பி ஓட்டும் டிஜிட்டல் முறை) இல்லாமல் இந்தக் காலத்தில் யாரும் ஓட்டுவதில்லை என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: விற்பவர் வேறென்ன சொல்வார்! ஒரே தண்டவாளத்தில் நாலைந்து என்ஜின்களைத் தனித்தனியாக ஓட்ட, ஒலி, விளக்கு எல்லாம் வேண்டுமென்றால் டிசிசி அருமையான விஷயம். ஒரு என்ஜின், இரண்டு பாயின்ட் கொண்ட தட்டுக்கு சாதாரண டிசி கண்ட்ரோலரே தாராளம், பிறகு ஆசை வந்தால் மாறிக்கொள்ளலாம். வாங்கும்போது மட்டும் ஒரு வார்த்தையைக் கவனியுங்கள்: ‘டிசிசி ரெடி’ என்றால் உள்ளே சாக்கெட் மட்டும்தான் இருக்கிறது, அந்த ஆணைகளைப் படிக்கும் சின்ன சர்க்யூட்டான டீகோடரை நீங்கள் தனியாக வாங்க வேண்டும், அதுவும் 6 பின், 8 பின், 21 பின், நெக்ஸ்ட்18 என்று எந்த சாக்கெட்டோ அதற்கானதை. ‘டிசிசி ஃபிட்டட்’ என்றால்தான் டீகோடரோடு வருகிறது. அட்டைப்பெட்டியில் இரண்டும் ஒரே மாதிரி கண்ணில் படும். உங்கள் பழைய டிசி என்ஜின்களை டீகோடர் இல்லாமல் டிசிசி தண்டவாளத்தில் வைக்காதீர்கள், மோட்டார் சூடேறிக் கருகிவிடலாம்.

கேள்வி: ஆன்லைனில் பழைய என்ஜின்கள் நிறைய வருகின்றன. ‘இயங்குகிறது’ என்று போட்டிருந்தால் நம்பி வாங்கலாமா?

பதில்: நான் நம்பி வாங்கினேன். வீடியோகூட அனுப்பினார்கள், என்ஜின் பறந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அதற்குப் பறக்க மட்டும்தான் தெரியும். கண்ட்ரோலரைப் பாதிக்குக் கீழே குறைத்தால் நின்றுவிடும், ஷன்டிங்குக்கு எதற்கு அது? விற்றவரைக் கேட்டால், “இயங்குகிறது என்றுதானே எழுதியிருந்தேன்” என்றார். தப்பு சொல்ல முடியவில்லை.

அதிலிருந்து நான் கேட்பது இவ்வளவுதான்: மிக மெதுவாக, முன்னும் பின்னும், இடையில் நிறுத்தி மறுபடி கிளப்பி எடுத்த வீடியோ ஒன்று. அடிப்பக்கப் படம் ஒன்று, அதில் சக்கரங்கள், இரண்டு பக்கக் கப்ளர்கள், வழுக்காமல் இருக்கச் சக்கரத்தில் மாட்டிய ரப்பர் வளையம் எல்லாம் தெரிய வேண்டும். அடியில் நடுவே நீளமாக ஒரு உலோகப் பட்டை தெரிந்தால் அது ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி பாணி மூன்று தண்டவாள ஏசி என்ஜின், உங்கள் இரண்டு தண்டவாள டிசியில் ஓடாது. இடைவெளி ஒரே 16.5 மி.மீ. என்பதால் ஏமாந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். படம் கேட்டால் இழுத்தடிக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

‘கடைசி ஒன்றுதான் இருக்கிறது’ என்று அவசரப்படுத்தினாலும் பதற வேண்டாம். இந்தத் தொழிலில் எல்லாமே சின்னச் சின்ன தொகுதியாகத்தான் தயாரிக்கிறார்கள், தீர்ந்த மாடல் வேறு நிறத்தில், வேறு எண்ணில் மறுபடி வருவதும் உண்டு. பார்சல் வந்தால் பிரிப்பதிலிருந்து முதல் ஓட்டம் வரை நிறுத்தாமல் போனில் வீடியோ எடுத்து வையுங்கள், திருப்பி அனுப்ப நேர்ந்தால் அது கைகொடுக்கும், அட்டைப்பெட்டியையும் அதுவரை வெட்டிவிடாதீர்கள்.