ஓ.டி. கிடைக்குமா சார்? அரசு ஊழியர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

பணியமைப்புப் பிரிவில் வருடக்கணக்காக விடுப்புக் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தமிழ்நாடு அரசு ஊழியர் மிகைநேரம் (ஓ.டி.) பற்றிக் கேட்டவற்றுக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

இளநிலை உதவியாளர். ஆறு மாதமாக இரவு எட்டு மணிக்குத்தான் கிளம்புகிறேன். 5.45-க்கு மேல் பார்க்கும் வேலைக்கு ஓ.டி. கேட்டு எழுதலாமா?

எழுதலாம் தம்பி, கிடைக்காது. நம் பணி விதித் தொகுப்பான அடிப்படை விதிகளில் 11-ஐ ஒருமுறை படித்துப் பாருங்கள், அரசு ஊழியரின் முழு நேரமும் சம்பளம் தரும் அரசுக்கே உரியது, வேறு விதி தனியாக இருந்தால் ஒழிய கூடுதல் ஊதியம் கேட்க முடியாது என்று அதில் இருக்கிறது. அலுவலக நேரம் பத்து முதல் 5.45 என்பது நீங்கள் எப்போது வர வேண்டும் என்பதற்குத்தான், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று மீட்டர் ஓடாது. நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆள் போடாமல் காலியிடத்தை இருப்பவர் தலையில் கட்டுவதற்கு இந்த விதி ரொம்ப வசதி.

தொழிற்சாலைச் சட்டத்தில் இரட்டிப்புச் சம்பளம் இருக்கிறதே, நமக்கு ஏன் இல்லை என்று சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள்.

1948-ம் வருடச் சட்டத்தின் 59-வது பிரிவைச் சொல்கிறார்கள். அது தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இருந்தது, தாலுகா ஆபீஸுக்கு இல்லை. 2025 நவம்பர் 21 முதல் அந்த மாதிரிப் பழைய சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இரட்டிப்பு அதிலும் இருக்கிறது, ஆனால் வேலை நேரத்தைச் சொல்லும் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு மாநில அரசு அலுவலகங்களுக்குப் பொருந்தாது என்று முதல் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள்.

2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பு சொன்னது. பணம், முத்திரைத்தாள் மாதிரியானவற்றை அச்சிடும் அரசு அச்சகத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர்கள் இரட்டிப்பு கேட்டுப் போன வழக்கு. சிவில் பதவியில் இருப்பவர்கள் பணி விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள், ஊதியக்குழு மாதிரிப் பலன்களையும் வாங்கிக்கொண்டு தொழிலாளர் சட்டத்தின் இரட்டிப்பையும் கேட்க முடியாது என்று தள்ளிவிட்டார்கள். தொழிற்சாலை மாதிரி இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கே இந்தக் கதி என்றால் நமக்கு எங்கே?

ஜமாபந்திக்காக (வருடாந்திர கிராமக் கணக்குத் தணிக்கை) மூன்று ஞாயிறு வந்தேன். அதற்காவது ஏதாவது உண்டா?

உண்டு அம்மா, ஈடுசெய் விடுப்பு. (ஈட்டிய விடுப்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள், விண்ணப்பத்தில் அப்படி எழுதிக் கணக்கே மாறிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.) விடுமுறை நாளில் வேலைக்கு அழைக்கப்பட்டு வந்திருந்தால் அதற்குப் பதில் வேறொரு நாள், ஆறு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். மாலையில் கூடுதலாக உட்கார்ந்த மணிகளைச் சேர்த்து ஒரு நாளாக்க வழியில்லை.

ஆனால் காகிதம் வேண்டும். எனக்கே நடந்தது, நாலு ஞாயிறு போய்ப் பதிவேடுகளைச் சரிபார்த்துக் கட்டிக் கொடுத்தேன், "வாங்க, பாத்துக்கலாம்" என்று வாயால் சொன்னதை நம்பி வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை. பிறகு விண்ணப்பம் கொடுத்தால், அன்று நீங்கள் வந்ததற்கு என்ன ஆதாரம் என்று பச்சை மையில் ஒரு வரி எழுதித் திருப்பினார்கள். அந்த நாலு நாளும் போனது போனதுதான். அதனால் ஞாயிறு வரச் சொன்னால் ஒரு துண்டுக் குறிப்பாவது எழுதிக் கையொப்பம் வாங்குங்கள், அது முடியாவிட்டால் அன்றைய தேதியில் பதிவேட்டிலாவது போடுங்கள்.

ஏஜென்சி மூலம் கலெக்டர் ஆபீஸில் கணினி இயக்குபவர். எனக்கும் இதே நிலைதானா?

இல்லை, இங்கே உங்கள் பக்கம்தான் சட்டம். அரசு அலுவலகங்களுக்கு விலக்கு கொடுத்த அதே பிரிவு, ஒப்பந்ததாரர் மூலம் அங்கே வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளருக்குத் தொகுப்பு பொருந்தும் என்கிறது. நாளுக்கு எட்டு மணி நேரம், மிகைநேரத்துக்கு உங்கள் சம்மதம் வேண்டும், கூலி இரண்டு மடங்கு. ஒப்பந்ததாரர் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது வேலை வாங்கும் அலுவலகம், கொடுத்தாக வேண்டும், பிறகு அவரிடம் பிடித்துக்கொள்ளலாம். வந்த நேரம், போன நேரத்தை உங்கள் நோட்டில் தினமும் குறித்து வையுங்கள். வேலை போய்விடுமே என்ற பயம் புரிகிறது, அதனால் தனியாகப் போகாமல் நாலைந்து பேராகச் சேர்ந்து தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள்.

அரசு பஸ் டிரைவர், டபுள் டூட்டி பார்க்கிறேன்.

நீங்கள் போக்குவரத்துக் கழக ஊழியர், அரசு ஊழியர் கணக்கில் வரமாட்டீர்கள், அதனால் மேலே சொன்ன தடை உங்களுக்கு இல்லை. 1961-ம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே நாளுக்கு எட்டு, வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் இரட்டிப்பு என்று இருந்தது. உங்கள் சங்கத்தின் ஊதிய ஒப்பந்தத்தையும் வாங்கிப் பாருங்கள்.

காவலர்களுக்கு?

2021-ல் வார ஓய்வு கொடுக்கச் சொல்லி டி.ஜி.பி. சுற்றறிக்கை வந்தது, ஓய்வு வேண்டாம் என்று அன்றும் பணி பார்ப்பவருக்கு மிகைநேர ஊதியம் என்றும் அதில் இருந்தது. திருவிழா, பந்தோபஸ்து என்று வந்துவிட்டால் ஓய்வு எங்கே போகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

பக்கத்து செக்ஷன் வேலையையும் நாலு மாதமாகப் பார்க்கிறேன், இது ஓ.டி.யா?

இது கூடுதல் பொறுப்பு, அடிப்படை விதி 49-ல் வரும், இதற்குப் படி கேட்க இடமுண்டு. அந்தப் பொறுப்பைக் கொடுத்த ஆணையின் எண், தேதி கையில் இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக்கே கேட்டு ஒரு கடிதம் கொடுங்கள்.