எலேனா பெரெஷ்னயா அந்தத் தங்கத்துக்குத் தகுதியானவர்தானா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்ஸில் ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு, அதாவது ஆணும் பெண்ணும் சேர்ந்து பனித்தரையில் சறுக்கி ஆடும் போட்டிக்கு, இரண்டு தங்கம் கொடுத்தார்கள். ஒன்று கனடாவின் சாலே, பெலெட்டியே ஜோடிக்கு, இன்னொன்று ரஷ்யாவின் பெரெஷ்னயா, சிகருலிட்ஸே ஜோடிக்கு. நடுவர் ஊழல் என்று பேசப்பட்ட அந்தப் போட்டியில் ரஷ்யப் பெண்ணின் பதக்கம் நியாயமானதா?

என் பதில், நியாயமானதுதான். ஆனால் 2002-இலிருந்து தொடங்கினால் அவரைப் புரிந்துகொள்ள முடியாது. 1996 ஜனவரிக்குப் போக வேண்டும்.

எலேனா தெற்கு ரஷ்யாவில் நெவின்னொமிஸ்க் என்ற ஊரில் 1977-இல் பிறந்தவர். பதின்ம வயதில் ஒலெக் ஷ்லியாகோவ் என்பவருடன் ஜோடி சேர்ந்து லாட்வியாவுக்காக ஆடினார். ரீகாவில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே நேரத்தில் சுழலும் ஒரு அசைவு உண்டு. ஒற்றைக் காலில் நின்று, உடம்பை முன்னால் சாய்த்து, இன்னொரு காலை இடுப்பு உயரத்துக்குப் பின்னால் நீட்டிச் சுழல வேண்டும். கேமல் ஸ்பின் என்பார்கள். நீட்டிய காலின் நுனியில் இருப்பது எஃகு பிளேடு. அன்றைக்கு இருவரும் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டார்கள். ஒலெக்கின் பிளேடு எலேனாவின் தலையில் பக்கவாட்டில் பட்டு, மண்டை ஓட்டைத் துளைத்தது. மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிர் பிழைத்தார், ஆனால் பேச்சு போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 18.

இந்த இடத்தில் என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் இதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன் என்பது விளங்காது. என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையும் பேச்சும் சேர்ந்தே போயின. டம்ளர் கண்ணெதிரே இருக்கும், கையால் காட்டுவார், ஆனால் 'தண்ணி' என்ற சொல் வராது. உதடு அசையும், கண் கலங்கும். நாங்கள் எடுத்துக்கொடுத்தால் கோபப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த ஒரு சொல் தானாக வர நாலு மாதம் ஆயிற்று. அந்த நாட்களில்தான், ராத்திரி அப்பா தூங்கின பிறகு, எலேனாவின் கதையை முதலில் படித்தேன். எழுத்துகளையும் சொற்களையும் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டார் என்ற வரியை வாசித்தபோது அது எப்படிப்பட்ட வேலை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அந்தோன் சிகருலிட்ஸே அதற்கு முன் வேறொரு பெண்ணுடன், மரியா பெத்ரோவாவுடன், ஜோடியாக ஆடியவர். இரண்டு முறை உலக ஜூனியர் பட்டம் வென்ற ஜோடி அது. செய்தி கேட்டு அவர் எலேனாவைப் பார்க்க ரீகாவுக்குப் போனார். அவர் துணையோடு எலேனா செயின்ட் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். பயிற்சியாளர் தமாரா மொஸ்க்வினா இருவரையும் சேர்த்து ஆடவைத்தார். சரி, அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். விபத்து நடந்து ஒரு வருடம் கழித்து, 1997 ஐரோப்பியப் போட்டியில் வெண்கலம். 1998-இல் ஐரோப்பியத் தங்கம், நாகானோ ஒலிம்பிக்ஸில் வெள்ளி, உலகப் பட்டம். 1999-இல் மறுபடி உலகப் பட்டம்.

நாகானோவில் கடைசி நொடிகளில், ஆண் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கும் 'லிஃப்ட்' என்ற அசைவை முடித்து அவரை இறக்கும்போது இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். அந்தக் காட்சியை என்னால் இன்றைக்கும் நிதானமாகப் பார்க்க முடிவதில்லை. மண்டை ஓடு துளைக்கப்பட்டு இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, ஹெல்மெட் கிடையாது, கீழே கட்டிப் பனி.

2000-இல் இன்னொரு அடி. சளிக்குச் சாப்பிட்ட மருந்தில் தடைசெய்யப்பட்ட சூடோஎஃபெட்ரின் இருந்ததால் ஐரோப்பியப் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பட்டம் போய்ச் சேர்ந்தது அந்தோனின் பழைய ஜோடியான பெத்ரோவாவுக்கும் அவருடைய புதிய துணை திகோனொவுக்கும்.

இப்போது 2002. இறுதிச் சுற்றுக்கு முன்னால் நடந்த வார்ம்-அப்பில் அந்தோனும் ஜேமி சாலேயும் மோதிக்கொண்டார்கள். ரஷ்ய ஜோடி ஆடியபோது அந்தோன் டபுள் ஆக்ஸல் என்ற சுழல் தாவலில் இறங்கிய கால் நிலைக்காமல் தடுமாறினார். கனடா ஜோடி தவறே இல்லாமல் ஆடியது. 9 நடுவர்களில் 5 பேர் ரஷ்யாவுக்கு முதலிடம் கொடுத்தார்கள். பிரெஞ்சு நடுவர், தன் நாட்டுச் சங்கத் தலைவர் அழுத்தம் கொடுத்தார் என்று முதலில் சொன்னார், அப்புறம் மாற்றிச் சொன்னார். இரண்டு பேருக்கும் 3 வருடத் தடை. கனடாவுக்கும் தங்கம் கொடுக்கப்பட்டது. அதிகபட்சம் 6.0 கொடுக்கும் பழைய மதிப்பெண் முறையே இந்தச் சர்ச்சையின் விளைவாகச் சில வருடங்களில் முடிவுக்கு வந்தது.

தடுமாறியவர்கள் எப்படி ஜெயிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிரெஞ்சு இசையமைப்பாளர் மாசனேயின் 'தாயிஸ்' ஓபராவில் வரும் தியான இசைக்கு அவர்கள் ஆடியதில் ஒரு அசைவுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெறும் ஓட்டம் என்பதே கிட்டத்தட்ட இல்லை. கைகள், திரும்பல்கள், வேகம் எல்லாம் இசையோடு இழைந்திருக்கும். அந்தக் கால விதிப்படி இதற்கும் தனி மதிப்பெண் உண்டு. யாரை முதலில் வைத்தாலும் வாதாட இடமிருந்த இரவு அது. கனடா ஜோடிக்குத் தங்கம் கொடுத்ததிலும் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு நடுவர் மேல் எழுந்த குற்றச்சாட்டுக்காக, அதில் எந்தப் பங்கும் இல்லாத எலேனாவைத் திருடியைப் போலப் பார்த்ததுதான் அநியாயம்.

வீடியோ பார்ப்பதானால் அந்த ஒலிம்பிக்ஸின் முதல் சுற்றான ஷார்ட் புரோகிராமிலிருந்து தொடங்குங்கள். பக்கத்தில் பக்கத்தில் சுழல்வது அப்போது அதில் கட்டாயமாக இருந்தது, விலக்கே கிடையாது. எவ்வளவு நெருங்கிச் சுழல்கிறார்களோ அவ்வளவுக்கு மதிப்பு. இரண்டு பேரும் காலை நீட்டும்போது நடுவில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். அப்புறம் எலேனாவின் முகத்தைப் பாருங்கள்.