வாக்குச்சாவடிச் சந்தேகங்கள்: மதுரை வாசகர்களுக்குப் பதில்கள்

செல்லூர்: ஓட்டுப் போடப் போனேன். என் பெயரில் ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டார்கள் என்றார்கள். திரும்பி வந்துவிட்டேன். வேறு வழி இருந்ததா ஐயா?

இருந்தது. அடுத்த முறை தயவுசெய்து அப்படித் திரும்பாதீர்கள். வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் ‘டெண்டர் ஓட்டு’ வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று உறுதியானால், படிவம் 17பி-யில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தாளில் அச்சிட்ட வாக்குச்சீட்டைத் தருவார். மெஷினில் போட விடமாட்டார்கள். முத்திரை குத்தி மடித்துக் கொடுத்தால் தனி உறையில் போகும். எண்ணிக்கை நாளில் அந்த உறையைப் பிரிப்பதில்லை. ஆனால் வித்தியாசம் சில ஓட்டுகளாக இருந்து, முடிவு வெளியான 45 நாளுக்குள் தேர்தல் வழக்கு போட்டால், கள்ள ஓட்டு நடந்ததற்கு அதுதான் சாட்சி. ரேஷன் கார்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். தேர்தல் ஆணையம் ஏற்கும் அடையாள ஆவணப் பட்டியலில் அது இல்லை. ஆதார், பான், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய வங்கிப் பாஸ்புக் செல்லும்.

உசிலம்பட்டி: நாங்கள் மதுரை மாவட்டம். எங்கள் எம்.பி. மட்டும் ஏன் தேனிக்காரர்?

தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள், 39 மக்களவைத் தொகுதிகள். ஒன்றுக்கு ஆறு. மதுரை மாவட்டத்தில் பத்து இருப்பதால் ஒரே எம்.பி. தொகுதிக்குள் அடங்காது. உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனியில் சேர்ந்தன. திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகரில்.

திருமங்கலம்: முதல் தடவையா பூத் ஏஜென்ட்டா உட்காரப் போறேன் அண்ணே. எதைக் கவனிக்கணும்?

முதலில் படிவம் 10, அதாவது உங்களை ஏஜென்ட்டாக நியமிக்கும் தாள். வேட்பாளரோ அவருடைய தேர்தல் ஏஜென்ட்டோ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்கள். காலை 7 மணிக்கு ஓட்டு என்றால் 5.30-க்கே மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். நோட்டாவையும் (யாருக்கும் ஓட்டு இல்லை என்னும் பட்டன்) சேர்த்து எல்லாப் பட்டனையும் அழுத்தி, மொத்தம் குறைந்தது 50 ஓட்டு போட்டு, முடிவைப் பார்த்து, ‘கிளியர்’ அழுத்த வேண்டும். மொத்தம் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று நீங்களே பாருங்கள். விவிபேட் (யாருக்குப் போட்டோம் என்று சீட்டு அச்சிட்டுக் காட்டும் மெஷின்) பெட்டியில் விழுந்த சீட்டுகளையும் எடுத்துவிட வேண்டும். அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான். கிளியர் பண்ண மறந்தால் மாதிரி ஓட்டும் நிஜ ஓட்டோடு சேர்ந்துவிடும். எண்ணும்போது அந்த மெஷினையே தனியாக ஒதுக்கிவைக்க வேண்டி வரும்.

ஆள்மாறாட்டம் என்று சந்தேகம் வந்தால் சத்தம் போடாதீர்கள். 2 ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்லுங்கள். தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்துத்தான் ஆகவேண்டும்.

சாயங்காலம் ஓட்டுக் கணக்கு எழுதும் படிவம் 17சி-யின் நகலை வாங்காமல் சாவடியை விட்டு நகராதீர்கள். கன்ட்ரோல் யூனிட் (ஓட்டுகளைப் பதிந்துவைக்கும் மெஷின்) எண், சீல் எண்கள், பதிவான மொத்த ஓட்டு எல்லாம் அதில் இருக்கும். வாக்காளர்கள் கையெழுத்துப் போடும் பதிவேடு 17ஏ. அதில் 812 பேர் என்று வையுங்கள். ஒருவர் கையெழுத்துப் போட்டபின் ஓட்டு வேண்டாம் என்று போய்விட்டால் மெஷினில் 811 இருக்க வேண்டும். அந்த ஒருவரைப் பற்றிய குறிப்பும் படிவத்தில் இருக்க வேண்டும். எண்ணிக்கை மேசையில் உட்காரும் உங்கள் கட்சிக்காரர் கையில் இந்த நகல் இல்லையென்றால், மெஷின் காட்டும் எண்ணை எதோடு ஒப்பிடுவார்?

மதுரை தெற்கு: 2021-ல் எங்கள் தொகுதியில் மதிமுக வேட்பாளர் உதயசூரியனில் நின்றார். கூட்டணிக் கட்சிகள் ஏன் இப்படி நிற்கின்றன?

தெரிந்த சின்னத்துக்கு ஓட்டு விழும் என்பதற்காக. ஆனால் விலை பெரிது. திமுக வேட்பாளராகவே மனுத் தாக்கல் செய்ய வேண்டும். ஜெயித்தால் சட்டமன்றக் கணக்கில் அவர் திமுக உறுப்பினர், எப்படி ஓட்டளிக்க வேண்டும் என்று சொல்லும் அந்தக் கட்சிக் கொறடாவுக்குக் கட்டுப்பட்டவர். மீறி ஓட்டளித்தால் 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி பதவி போகலாம். சிறிய கட்சிக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. மாநிலக் கட்சி அங்கீகாரத்துக்கு ஒரு வழி, சட்டமன்றத் தேர்தலில் 6 சதவீத ஓட்டும் 2 எம்.எல்.ஏ.-க்களும். வேறு சின்னத்தில் வாங்கிய ஓட்டு அந்தக் கணக்கில் சேராது. ஒரு தேர்தல் வெற்றிக்காகக் கட்சியின் சொந்த அடையாளத்தை அடகு வைப்பதை நான் நல்ல பேரமாகக் கருதவில்லை.

மேலூர்: நோட்டா ஓட்டு கூடினால் டெபாசிட் போகுமா?

நோட்டாவால் போகாது. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும் என்பதே விதி. அந்தக் கணக்கில் நோட்டா சேர்வதில்லை. சட்டமன்றத்துக்கு டெபாசிட் 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000. பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்குப் பாதி.

அண்ணா நகர்: மேலூரிலிருந்து குடிவந்தேன். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 6-ஆ?

6 புதிதாகச் சேர்பவர்களுக்கு. உங்களுக்குப் படிவம் 8. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யாரையும் சேர்க்க மாட்டார்கள். தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் வாக்காளர் உதவி எண் 1950-க்குக் கூப்பிடுங்கள்.