குறுக்கும் நெடுக்குமாக எழுதிய தங்கவயல் கடிதத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி: கலிபோர்னியாவில் தங்கம் தேடிச் சென்ற ஒருவர், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்த மனைவிக்கு எழுதிய கடிதத்தின் மின்படம் ஆய்வுக்காகக் கிடைத்தது. வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே ஓடுகின்றன. ஆண்டும் இல்லை, உறையும் இல்லை. எப்படிப் படிப்பது? காலத்தை எப்படி அறிவது?

பதில்: அது வேண்டுமென்றே எழுதப்பட்ட முறைதான். பக்கம் நிரம்பியதும் தாளைத் திருப்பி, எழுதிய வரிகளின் மீதே செங்குத்தாக எழுதுவது அக்கால வழக்கம். 1851ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை கிழக்குக் கரைக்கும் கலிபோர்னியாவுக்கும் இடையே அரை அவுன்ஸ் கடிதத்துக்கு 40 சென்ட் அஞ்சல் கட்டணம் இருந்ததால், எடை கூடாமல் பார்த்துக்கொள்வது அவசியமாயிற்று.

ஒரு திசையில் ஓடும் வரிகளை முழுமையாகப் படியெடுத்த பிறகே படத்தை 90 பாகை திருப்பி மற்றதைத் தொடங்குங்கள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால் கண் தடுமாறும். பிடிபடாத சொல்லை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பலர் ஒலியைக் கேட்டே எழுத்துக்கூட்டினார்கள். இரட்டை 'எஸ்' வரும் இடத்தில் முதல் எழுத்தை 'எஃப்' போல நீட்டி எழுதும் பழக்கமும் சிலரிடம் இருந்தது. எக்காரணம் கொண்டும் பிழைகளைத் திருத்திவிடாதீர்கள். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத ஒரு மனிதர் எப்படிப் பேசினார் என்பதற்கு அந்தப் பிழைகளைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. அச்சில் வந்த பல தொகுப்புகளில் அவை அழிக்கப்பட்டது உண்மையிலேயே பேரிழப்பு.

காலத்தை அறியத் தாளின் வெளிப்புறம் தேவை. உறையின்றித் தாளையே மடித்து, அரக்கிட்டு, மேலே முகவரி எழுதுவது அப்போது பரவலாக இருந்தது. நூலகங்கள் அந்தப் பக்கத்தைத் தனிப் படமாக வைத்திருக்கக்கூடும். இல்லையெனில் கேட்டுப் பெறுங்கள். சான் பிரான்சிஸ்கோ அஞ்சல் முத்திரையில் நாளும் மாதமும் இருந்தாலும் பெரும்பாலும் ஆண்டு இராது. ஆனால் அருகில் '40' என்ற கட்டணக் குறி இருந்தால், கடிதம் 1851 ஜூலைக்கு முந்தையது என்று கொள்ளலாம். அம்மாதம் முதல் முன்பணம் செலுத்திய கடிதத்துக்கு 6 சென்டாகவும், செலுத்தாததற்கு 10 சென்டாகவும் கட்டணம் குறைந்தது.

உள்ளே இரண்டு மூன்று தேதிகள் இருந்தால் குழம்ப வேண்டாம். பனாமா வழியாகச் செல்லும் நீராவிக் கப்பல் புறப்படும்வரை பலர் நாள்கணக்கில் எழுதிச் சேர்த்தார்கள். கடைசித் தேதியையே முத்திரையோடு ஒப்பிடுங்கள்.