வெண்புள்ளி பரவுகிறதா என்று ரத்தம் சொல்லுமா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. இரண்டு வருடமாக முழங்கையிலும் கணுக்காலிலும் வெண்புள்ளி இருக்கிறது. பரவுகிறதா, நின்றுவிட்டதா என்று ரத்தப் பரிசோதனையில் தெரியுமா, டாக்டர்? தைராய்டு டெஸ்ட் எடுக்கச் சொன்னது அதற்காகத்தானா?

பதில்: இல்லை அம்மா, அது வேறு காரணத்துக்காக. வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால்தான் டிஎஸ்எச், ஆன்டி டிபிஓ என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்கிறோம். அவை கூடியிருந்தால் தைராய்டைக் கவனிக்க வேண்டும்; புள்ளி பரவுகிறது என்று அர்த்தமில்லை. உடலில் பொதுவாக அழற்சி இருப்பதைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி பரிசோதனைகளும் இதற்கு உதவாது.

சரி, பரவலைக் காட்டும் குறியீடே ரத்தத்தில் இல்லையா? ஆய்வில் உண்டு. நிறமிச் செல்களைத் தாக்குபவை நம் உடலின் நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான சிடி8 டி செல்கள். அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம் தோல் செல்களைத் தூண்ட, அந்தத் தோல் செல்கள் சிஎக்ஸ்சிஎல்9, சிஎக்ஸ்சிஎல்10 என்ற புரதங்களை வெளியிடும். அந்தப் புரதங்கள் இன்னும் டி செல்களை அங்கே வரவழைக்கும். நோய் வேகமாக இருக்கும்போது சிஎக்ஸ்சிஎல்10 ரத்தத்திலும் கூடுகிறது, சிகிச்சையில் குறைகிறது. ஆனால் வைரஸ் காய்ச்சலிலும் அது கூடும். இந்த அளவைத் தாண்டினால் பரவுகிறது என்று எல்லோரும் ஏற்ற எல்லையும் இல்லை. அந்த ஓர் எண்ணை நம்பி உங்கள் மகளுக்கு மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ நான் துணியமாட்டேன்.

தோலைப் பாருங்கள், அதுவே சொல்லும். பெரிய புள்ளியைச் சுற்றி அரிசி மாவைத் தூவினாற்போல ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் பொட்டுப் பொட்டாக வெளுத்திருந்தால் நோய் வேகமாக இருக்கிறது. புள்ளியின் கரை தெளிவில்லாமல் மங்கிப்போயிருந்தாலும் அப்படித்தான். கீறல் ஆறிய இடம், பாவாடை நாடா அழுத்தும் இடுப்பு, செருப்பு வார் உரசும் பாதம் ஆகிய இடங்களில் புதிதாக வெளுக்கிறதா என்றும் கவனியுங்கள். நாடா இறுகும் உடையைக் கொஞ்ச நாள் தவிர்ப்பது நல்லது. கண்ணுக்குத் தெரியாத புள்ளியை மருத்துவர் இருட்டறையில் வுட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கடியில் பார்த்துச் சொல்வார்.

அப்புறம், மாதம் ஒருமுறை ஒரே ஜன்னலோரம், ஒரே தூரத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் போட்டோ எடுங்கள். மூன்று மாதப் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். மாவு தூவிய மாதிரிப் பொட்டுகள் தெரிந்தால் மட்டும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பரவலை நிறுத்தும் மாத்திரையும் ஒளி சிகிச்சையும் அப்போது தொடங்கினால்தான் அதிக நிறமிச் செல்களைக் காப்பாற்ற முடியும்.